ஏறும்போது தக்பீர், இறங்கும்போது தஸ்பீஹ்



எங்கள் கண்டனூரில் மலை கிடையாது. செம்மண் தரை, ஊருணி, ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் செட்டியார் வீடுகள், அப்பால் புதுவயலின் அரிசி ஆலைகள். நிமிர்ந்து பார்க்கும்படியாக இங்கே இருப்பவை இவ்வளவே. இந்த ஊரில் பிறந்து வளர்ந்த என் மகள், கல்லூரி இரண்டாம் ஆண்டில், உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் அடிப்படைப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க விரும்புவதாகச் சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்துக் கூடத்து மேசையில் வைத்து, அதன்மேல் என் மூக்குக் கண்ணாடியையும் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாதுகாவலரின் ஒப்புதல் என்ற கட்டத்தில் பென்சிலால் மெல்லிய ஒரு புள்ளி வைத்திருந்தாள்.

மூன்று வாரங்கள் அந்தப் படிவம் மேசையிலேயே கிடந்தது. நான் அதைக் கிழிக்கவுமில்லை, கையொப்பமிடவுமில்லை.

என் தயக்கத்துக்கு இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, நம் வீடுகளில் எல்லோரும் அறிந்தது: பெண்பிள்ளை மஹ்ரம் இன்றி அவ்வளவு தொலைவு பயணம் செய்வது. இதற்கு ஒரு தீர்வு இருந்தது. நானே உடன் சென்று, பயிற்சி முடியும் வரை உத்தரகாசியில் ஓர் அறை எடுத்துத் தங்கலாம். ஏறத்தாழ நான்கு வாரங்கள். செலவும் விடுப்பும் பெரிய கேள்விகள்தாம். ஆயினும் அவை மார்க்கக் கேள்விகள் அல்ல. எங்கள் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டபோது, மஹ்ரம், உடை, தொழுகை ஆகிய மூன்றையும் விசாரித்துவிட்டு, "உயிருக்கு என்ன பாதுகாப்பு என்பதை நீங்கள்தாம் நேரில் பார்த்து அறிய வேண்டும்; அதை என்னிடம் கேட்டால் நான் என்ன சொல்வேன்?" என்றார். அந்தப் பதிலின் நேர்மை எனக்குப் பிடித்தது.

இரண்டாவது காரணத்தை நான் வீட்டில் எவரிடமும் சொல்லவில்லை. 2022 அக்டோபர் 4 அன்று, அதே நிறுவனத்தின் உயர்நிலைப் பயிற்சிக் குழு திரௌபதி கா டண்டா என்ற சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கியது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் மாணவர்கள். அன்று கைப்பேசியில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, இன்னா லில்லாஹி சொல்லி, அடுத்த செய்திக்கு நகர்ந்துவிட்டேன். பிறருடைய பிள்ளைகள். மேசைமேல் படிவம் வந்தபிறகு அந்தச் செய்தியை மறுபடி தேடிப் படித்தேன். இரவில், அனைவரும் உறங்கிய பிறகு.

என் அம்மாவின் எதிர்ப்பு என்னுடையதைவிட வெளிப்படையானது. "பொட்டப்புள்ள மலை ஏறி என்ன செய்யப்போவுது?" என்றார். மகள் சண்டையிடவில்லை. அத்தம்மாவின் காலடியில் அமர்ந்து, "ஸபாவுக்கும் மர்வாவுக்கும் இடையில ஏழு தடவை ஓடினது யாரு அத்தம்மா?" என்று கேட்டாள். பிறகு, ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களுக்கும் தம் தந்தைக்கும் கட்டுச்சோறு ஆயத்தம் செய்து, கட்டக் கயிறில்லாமல் தம் இடைக்கச்சையையே இரண்டாகக் கிழித்துக் கட்டிய அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றிக் கேட்டாள். இந்தக் கதைகளை அவளுக்குச் சொல்லி வளர்த்ததே அம்மாதான். பதில் சொல்லாமல் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துகொண்டார்.

காரைக்குடிப் பக்கத்து மாணவர்கள் சிலருக்கு வார இறுதிகளில் பாறையேற்றம் கற்பிக்கும் பயிற்றுநர் ஒருவர், "ஒருநாள் நீங்களும் வாருங்கள், என்ன செய்கிறோம் என்று பாருங்கள்" என்று அழைத்தார். தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. இடம் பிரான்மலை.

பிரான்மலையை நம்மில் பலர் அறிவர். சிங்கம்புணரிக்கு அருகே, சமவெளியிலிருந்து திடீரென எழுந்து நிற்கும் மலை. சங்க காலத்துப் பறம்பு மலை இதுவே என்பர். பாரி ஆண்ட மலை. மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே உணவு தரும் மலை இது, உங்களால் இதைப் பட்டினி போட்டு வெல்ல முடியாது என்று கபிலர் மூங்கில் நெல்லையும் பலாவையும் வள்ளிக்கிழங்கையும் தேனையும் கணக்குக் காட்டினார். அடிவாரத்தில் தேவாரப் பாடல் பெற்ற திருக்கொடுங்குன்றநாதர் ஆலயம். உச்சியில் ஷெய்கு அப்துல்லாஹ் வலியுல்லாஹ் அவர்களின் தர்கா. தர்கா ஸியாரத் பற்றி நம் குடும்பங்களில் இரு கருத்துகள் உண்டு. என் வீட்டிலேயே உண்டு. அந்த விவாதத்தை இங்கே நான் திறக்கவில்லை. ஆனால் மலையின் பெயரைக் கேட்டதும் என் அம்மாவின் முகம் மாறியதைச் சொல்லாமல் இருக்க முடியாது. சிறுமியாக இருந்தபோது தம் அத்தாவோடு அங்கே ஏறியிருக்கிறாராம். இத்தனை ஆண்டுகளில் இதை எங்களிடம் சொன்னதே இல்லை. புறப்படும் முன்னிரவில் கால்கிலோ சர்க்கரையும் நூற்றொரு ரூபாயும் ஒரு கைக்குட்டையில் முடிந்து என்னிடம் தந்தார். "மேல போயி ஓதிட்டு, நாலு பேருக்குக் குடு."

கண்டனூரிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். கஸர் செய்வதற்கான தொலைவு இல்லை. தொழுகைகளை முழுமையாகவே தொழ வேண்டும் என்பதை மகள் முன்பே கணக்கிட்டு வைத்திருந்தாள். வழியில் ஒரு பள்ளிவாசலில் சுப்ஹு ஜமாஅத் கிடைத்தது. பெண்களுக்கு அங்கே இடமில்லாததால் அவள் வேனுக்குப் பக்கத்தில் விரிப்பு போட்டுத் தொழுதாள். அது வேறொரு கட்டுரைக்கு உரிய விஷயம்.

மாணவர்கள் ஏழு பேர். அவர்களில் மூவர் பெண்கள். பயிற்றுநர்கள் இருவர், ஒருவர் பெண். வனத்துறையினரிடம் முன்கூட்டியே கேட்டிருந்தார்கள். மக்கள் ஏறும் வழக்கமான பாதை வேறுபுறம் இருக்க, நாங்கள் அதை விட்டு விலகி, மலையின் தோளிலிருந்து உச்சியை நோக்கி எழும் ஒரு முகட்டைப் பிடித்து ஏறுவதாகத் திட்டம். முகடு என்றால் என்னவென்று எங்கள் பகுதி ஆளுக்குச் சொல்வதாயின், வயல் வரப்பு என்பேன். இருபுறமும் சரிந்து, நடுவே உயர்ந்து நீளும் பாறை வரப்பு. அதில் நடந்தே போய்விட முடியாது. கையையும் ஊன்ற வேண்டும். அதே நேரம், அடிதோறும் கயிறு கட்டித் தொங்க வேண்டிய செங்குத்துப் பாறையும் அன்று. மலையேறுவோர் இந்தத் தரங்களுக்கு எண்கள் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி அளவுகோலில் 1 என்பது பாதையில் நடப்பது. 5 என்பது கயிற்றின் துணையோடு ஏறும் பாறை. எங்களுடையது 3.

புதியவர்களை எதற்காக முகட்டின்மேல் ஏற்றுகிறீர்கள், இரண்டு பாறைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாகப் போனால் பாதுகாப்பாக இருக்குமே என்று கேட்டேன். எல்லாத் தந்தையரும் கேட்கும் கேள்விபோலும், அவர் சிரித்தார். பள்ளம்தான் ஆபத்தாம். மேலே எவர் காலிலோ ஆட்டின் காலிலோ பட்டு உருளும் கல் அனைத்தும் பள்ளத்துக்குத்தான் வந்து சேரும். முகட்டின் மேல் கல் தங்காது, இருபுறமும் விழுந்துவிடும். வழியும் தவறாது, முன்னால் என்ன வருகிறது என்பது கண்ணுக்குத் தெரியும், எந்த இடத்திலிருந்தும் வந்த வழியே திரும்பலாம். உயரமான இடம் என்பதால் இடியும் மின்னலும் உள்ள நாளில் மட்டும் அங்கே நிற்கவே கூடாது. அன்றைய வானத்தில் மேகமே இல்லை.

மகள் பர்தாவை வேனிலேயே மடித்து வைத்தாள். முழங்காலைத் தாண்டிய முழுக்கைச் சட்டை, தளர்வான கால்சட்டை, தலையோடு படிந்த ஹிஜாப், அதன்மேல் ஹெல்மெட். "கால்ல துணி மாட்டுச்சுன்னா அதுதான் அத்தா பெரிய ஆபத்து" என்றாள். நான் வேட்டியை விட்டுக் கால்சட்டை அணிந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. சர்க்கரை முடிச்சு என் சட்டைப் பையில் இருந்தது.

விதிகள் சிலவற்றைச் சொன்னார்கள். இரு கை, இரு கால் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் இருக்க வேண்டும். நகர்வது ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். பிடிக்கும் முன் கல்லைத் தட்டிப் பார்க்க வேண்டும்; வெற்றுப் பானையைப் போல் ஒலித்தால் விட்டுவிட வேண்டும். ஒருவருக்கு நேர் கீழே மற்றவர் நிற்கக் கூடாது. கல் உருண்டால், உருட்டியவரே "கல்!" என்று கத்த வேண்டும், கீழே உள்ளவர் நிமிர்ந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து பார்ப்பவரின் முகத்தில்தான் அது விழும். கடைசியாக, மணி பத்தாகும்போது எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்புவோம் என்றார் பயிற்றுநர். இந்தக் கடைசி விதியை நான் ஒரு சடங்குப் பேச்சாகவே எடுத்துக்கொண்டேன்.

முதல் ஒரு மணி நேரம் புதரும் முள்ளும் பாறையும் கலந்த ஏற்றம். எனக்கு முன்னால் சென்ற மகள் மேட்டில் கால் வைக்கும்போதெல்லாம் உதடு அசைவதைக் கண்டேன். பயணத்தில் மேடேறும்போது தக்பீர் சொல்வதும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹ் சொல்வதும் ஸஹாபாக்களின் வழக்கம் என்று ஜாபிர் (ரலி) அறிவித்த செய்தி புகாரியில் உள்ளது. அவள் ஓதுகிறாள் என்று அறிந்ததும் நானும் உரக்கத் தொடங்கினேன். ஐந்தாறு தக்பீருக்குள் மூச்சு முட்டியது. அவள் திரும்பி, "மெதுவா, அத்தா. காது கேக்காதவனையா கூப்பிடறோம்?" என்றாள். அதுவும் ஹதீஸில் வந்த கண்டிப்புத்தான். உரத்த குரலில் தக்பீர் முழங்கிய தோழர்களிடம், உங்களையே வருத்திக்கொள்ளாதீர்கள், நீங்கள் அழைப்பவன் செவிடனுமல்லன், தொலைவில் இருப்பவனுமல்லன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியது. மதரஸாவில் அவளைச் சேர்த்தவன் நான்.

முகடு ஒடுங்கிய இடத்தில்தான் என் கதை வேறானது. பாறையில் ஒரு வெட்டு. இந்தப்பக்கத்திலிருந்து அந்தப்பக்கத்துக்கு ஒரு முழத்துக்குச் சற்று மேல். தெருச் சாக்கடையாக இருந்தால் கவனிக்காமல் தாண்டுவேன். இங்கே, இடப்பக்கம் இரண்டு ஆள் உயரப் பள்ளம். வலப்பக்கம் பார்க்க நான் துணியவில்லை. மாணவர்கள் ஒவ்வொருவராகத் தாண்டினார்கள். நான் பாறையைக் கட்டிக்கொண்டு நின்றேன். வலக்கால் தையல் இயந்திரத்து ஊசியைப் போல் தன்னால் அடித்துக்கொண்டது. அதை நிறுத்தும்படி நான் இட்ட கட்டளை எதையும் அது கேட்கவில்லை. அப்போது மேலே ஒருவன் "கல்!" என்று கத்தினான். தேங்காயளவு கல் ஒன்று முகட்டிலிருந்து விலகி வலப்புறச் சரிவில் துள்ளித் துள்ளிப் போயிற்று. எங்களுக்குப் பக்கத்தில் கூட வரவில்லை. ஆனால் அது அடித்து நிற்கும் ஓசைக்காக நான் காத்திருந்தேன். அது வர வெகுநேரமாயிற்று.

மகள் திரும்பி வந்தாள். வெட்டின் அந்தப் பக்கம் அமர்ந்து, நான் கேட்டிராத ஒரு குரலில் பேசினாள். வீட்டில் என்னிடம் அவள் பேசும் குரல் அன்று, ஆசிரியையின் குரல்.

"அத்தா, பாறையக் கட்டிப் பிடிக்காதீங்க. கொஞ்சம் விலகி நிமிந்து நில்லுங்க. அப்பதான் பாரம் காலுக்குப் போகும்."

"விலகினா விழுந்துருவேன்மா."

"ஒட்டிக்கிட்டாத்தான் கால் வழுக்கும். குதிகாலத் தாழ்த்துங்க."

"திரும்பிப் போயிரலாம்."

"போகலாம். ஆனா திரும்புறதுக்கும் முதல்ல நிக்கணும்ல?"

பயிற்றுநர் பெரிய பாறை ஒன்றில் கயிற்றைச் சுற்றிக் கட்டி, மறுமுனையை என்னிடம் அனுப்பினார். இடுப்பு வாரில் அதை மாட்டி முடிச்சை இருமுறை இழுத்துப் பார்த்தவள் மகள். ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா, கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டு நம்பிக்கை வை என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதை எத்தனை மேடைகளில் கேட்டிருப்போம். நானே எங்கள் ஜமாஅத் கூட்டத்தில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கட்டுவது என்பது உண்மையில் இவ்வளவு சிறிய, இவ்வளவு குறிப்பான வேலை என்று அன்றுதான் பார்த்தேன். இந்த முடிச்சு, இந்தப் பாறை, இந்த இழுப்பு. மேடையில் நான் பேசியதில் முடிச்சே இல்லை.

நிமிர்ந்து நின்றேன். கால் நடுக்கம் நின்றது. அவள் சொன்னபடியே நின்றது. தாண்டினேன், ஒரு விநாடிகூட ஆகவில்லை. தாண்டியபின் கலிமா சொல்லிக்கொண்டிருந்ததை அறிந்தேன்.

பயணி இப்னு பதூதா 1344இல் இலங்கையில் பாவா ஆதம் மலையில் ஏறியபோது, செங்குத்துப் பாறைகளில் இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்ததையும், பத்தாவது சங்கிலிக்குக் கலிமாச் சங்கிலி என்று பெயர் இருந்ததையும் எழுதியிருக்கிறார். அந்த இடம் வந்து கீழே பார்ப்பவர், விழுந்துவிடுவோமோ என்ற திகிலில் தாமாகவே கலிமா சொல்லிவிடுவாராம். புத்தளத்திலிருந்து புறப்பட்டுப் போன அவர், பிறகு கப்பல் உடைந்து ஒதுங்கியது நம் தமிழ்க் கரையில்தான். சின்ன வயதில் படித்தபோது அந்தச் சங்கிலிப் பகுதி எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அதன்பிறகு ஏற்றம் எளிதாயிற்று. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. நெருங்கிவிட்டோம் என்றே தோன்றியது. சட்டைப் பையில் இருந்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். அப்போது பயிற்றுநர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பத்து. திரும்பலாம்" என்றார்.

என்னால் ஏற்க முடியவில்லை. இன்னும் அரை மணி நேரம்தானே என்றேன். எல்லோரும் நலமாகத்தானே இருக்கிறோம் என்றேன். என்னால்தானே தாமதம், அதற்கு மாணவர்கள் ஏன் இழக்க வேண்டும் என்றும் கேட்டேன். அதில் கொஞ்சம் வெட்கமும் கலந்திருந்தது. எண்பது வயது அம்மா தந்த முடிச்சைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அவர் கோபப்படவில்லை. பாறை சூடேறத் தொடங்கிவிட்டது, ஆளுக்குத் தண்ணீர் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது, இறங்குவதற்கு ஏறியதைவிடக் கூடுதல் கவனம் வேண்டும், அந்த வெட்டை மறுபடி தாண்ட வேண்டும் என்றார். இவை அனைத்தும் காலையிலேயே சொன்னவை.

நான் மகளைப் பார்த்தேன். அவளுக்கும் ஆசை இருந்திருக்கும். உச்சியை ஒருமுறை பார்த்தாள். பின்பு தண்ணீர் பாட்டிலை மூடி, முகத்தைப் பாறைப்பக்கம் திருப்பி, முதல் காலைக் கீழே வைத்தாள். ஒரு முணுமுணுப்பும் இல்லை. அடம்பிடித்து நின்றவன் ஐம்பத்திரண்டு வயதான நான் மட்டுமே.

அவள் ஏறுவாளா என்று பார்க்கத்தான் நான் வந்திருந்தேன். மேசைமேல் கிடந்த படிவத்தில் கையொப்பமிடலாம் என்று எனக்குத் தோன்றியதோ அவள் அந்த முதல் காலைக் கீழே வைத்தபோதுதான். இதனால் என் அச்சம் தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய்யாகும். 2022இல் அந்தப் பனிச்சரிவில் இறந்தவர்கள் விதியறியாதவர்களோ அடம்பிடித்தவர்களோ அல்லர். அவர்களில் தேர்ந்த பயிற்றுநர்களும் இருந்தார்கள். கட்ட வேண்டிய முடிச்சை எல்லாம் கட்டியபின்னும் மிச்சம் ஒன்று இருக்கிறது. அது இரவுகளில் இன்னும் வருகிறது.

இறக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏறும்போது கண் முன்னே போகிறது, கால் பின்னால் வருகிறது. இறங்கும்போது கால் முன்னே போக வேண்டும், கண்ணுக்கு அது போகும் இடம் தெரிவதில்லை. பாறையைப் பார்த்தபடி இறங்கினேன். கால்விரல் துழாவிக் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு படிக்கும் ஒரு சுப்ஹானல்லாஹ். மேட்டில் தக்பீரும் பள்ளத்தில் தஸ்பீஹும் ஏன் என்று அறிஞர்கள் சிலர் விளக்கியிருக்கிறார்கள்: உயரத்தில் நிற்கும்போது தன்னைப் பெரியவனாக நினைத்துவிடாதிருக்க இறைவனின் பெருமை, தாழும்போது, தாழ்வு என்பதே அவனுக்கில்லை என்ற தூய்மை. அன்று எனக்கு அவ்வளவெல்லாம் தோன்றவில்லை. மூச்சுக்கு ஒரு தாளம் வேண்டியிருந்தது, அது கிடைத்தது.

அடிவாரத்தில் மரநிழலில் லுஹர் தொழுதோம். ஒரு பாட்டிலின் கடைசிக் கால்பங்குத் தண்ணீரில் உளூ செய்தேன். வீட்டில் குழாயைத் திறந்துவிட்டு நான் செய்யும் உளூவுக்கு ஆகும் தண்ணீர் நினைவுக்கு வந்து கூச்சமாக இருந்தது. ஸஜ்தாவில் உள்ளங்கையின் சிராய்ப்பு எரிந்தது.

கண்டனூர் வந்து சேர மஃரிப் ஆயிற்று. அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தார். முடிச்சை அவிழ்க்காமல் அவர் மடியில் வைத்து, "போய்ச் சேரலம்மா. பாதியில திரும்பிட்டோம்" என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். முடிச்சை எடுத்துப் பார்த்தார். சர்க்கரை வேர்வையில் ஈரமாகிக் கட்டியாகியிருந்தது.

"யாரு திரும்பச் சொன்னது?"

"வாத்தியாரு. நேரமாயிருச்சுன்னு."

"புள்ள என்ன சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லல. எறங்கிருச்சு."

அம்மா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அத்தாவும் அன்னிக்கு என்னயப் பாதியில எறக்கிக் கூட்டியாந்துட்டாக" என்றார். "காலு பொத்துப்போச்சுன்னு."

சர்க்கரையை உள்ளே கொண்டுபோய் டப்பாவில் கொட்டிவிட்டு வந்தார். நூற்றொரு ரூபாயைத் தனியே எடுத்து வைத்தார். அடுத்தமுறை தாமும் வருவதாகவும், ஆனால் ஊர்ச்சனங்கள் போகும் பாதை வழியாகத்தான் வருவதாகவும் பேத்தியிடம் அறிவித்தார்.

இன்னும் மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது. திங்கட்கிழமை காரைக்குடிக்குப் போகிறோம்.